'ஒலிம்பியா' ஓவியத்தில் இருக்கும் பெண்ணுக்கு உண்மையில் என்ன ஆயிற்று?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே வரைந்த 'ஒலிம்பியா'வில் படுத்திருக்கும் பெண் நிஜத்திலும் விலைமகளா, மானேயின் காதலியா, கடைசியில் குடித்தே அழிந்துபோனாரா. ஏதோ ஒரு காணொளியில் அப்படிச் சொன்னார்கள், நம்பலாமா என்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஓவியத்தில் ஒரு பெண் எப்படித் தெரிகிறாரோ, அதை வைத்து அவர் வாழ்க்கையைச் சொல்லிவிட முடியுமா? சுருக்கமான பதிலை முதலில் தந்துவிடுகிறேன். விலைமகள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காதலி என்பதற்கும் கிடையாது. குடித்து அழிந்தார் என்பது ஆவணங்களோடு ஒத்துவராத கதை. அவர் பெயர் விக்தோரின் மெரான். 83 வயதுவரை வாழ்ந்தார். அவரே ஓவியர், பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியான சலோனில் ஆறு முறை அவர் படைப்புகள் இடம்பெற்றன.

ஓவியக் கல்லூரி ஒன்றில் நீண்ட காலம் உருவ வரைவு வகுப்பு எடுத்தவன் நான். மாடல்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துவதுதான் என் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய வரலாறும் நான் கற்பித்த பாடம். ஆனால் பாரிஸ் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து தேடியவன் அல்ல; அங்கே தேடியவர்கள் எழுதியதைப் படித்தவன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விக்தோரின் லூயிஸ் மெரான் 1844 பிப்ரவரி 18 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா வெண்கலப் பொருள்களுக்கு நிறமேற்றும் தொழிலாளி, அம்மா பெண்களுக்கான தொப்பி செய்பவர். பணக்காரக் குடும்பம் இல்லை. அதற்காகத் தெருவில் கிடந்த குடும்பமும் இல்லை. கைத்தொழில் தெரிந்தவர்கள், கலைப்பொருள் சந்தையின் ஓரத்தில் பிழைத்தவர்கள். 16 வயதில் விக்தோரின், தொமா கூத்தூர் என்ற புகழ்பெற்ற ஓவியரின் பட்டறையில் மாடலாக வேலைக்குச் சேர்ந்தார். இந்தக் கூத்தூரிடம்தான் மானே 1850களில் ஆறு வருடம் பயின்றார். கிட்டார், வயலின் இரண்டும் விக்தோரினுக்கு வாசிக்கத் தெரியும்; பிறருக்குக் கற்றும் கொடுத்தார். ஆள் குள்ளம், தலைமுடி செம்பட்டை. பழகியவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இறால்'.

மானே அவரை எங்கே சந்தித்தார் என்பதில்தான் முதல் புனைவு நுழைகிறது. மானேயின் நண்பரான விமர்சகர் தியோடோர் துரே, நீதிமன்ற மாளிகையின் கூட்டத்தில் மானே அவரைத் தற்செயலாகக் கண்டு அந்த முகத்தால் ஈர்க்கப்பட்டார் என்று எழுதினார். இன்னொரு கதை மானேயின் பள்ளித் தோழர் அந்தொனான் புரூஸ்த் சொன்னது. மதுக்கடையிலிருந்து கிட்டாரோடு வெளியே வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, எனக்கு மாடலாக இருக்கிறாயா என்று மானே கேட்டார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இவள் வராவிட்டால் என்ன, விக்தோரின் இருக்கிறாளே என்றாராம் மானே. காணொளிகளில் இரண்டு கதைகளையும் கலந்து, மதுக்கடை வாசலில் நின்ற பெண்ணே விக்தோரின் என்று ஆக்கிவிடுகிறார்கள். புரூஸ்தின் கதையை அப்படியே ஏற்றால்கூட அது சொல்வது எதிர்மாறானது: அந்த நேரத்தில் விக்தோரின் ஏற்கெனவே மானேக்குத் தெரிந்த மாடல். இந்தக் கதைகளைவிட நான் நம்புவது மானேயின் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி: லூயிஸ் மெரான், மேத்ர் அல்பேர் தெரு, 17. தொழில்முறை மாடலின் விலாசத்தை ஓர் ஓவியர் குறித்துவைப்பது போலத்தான் அது இருக்கிறது.

அந்தத் தொழில் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. மாடல் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நினைப்பவர்கள், ஒலிம்பியா படுத்திருக்கும் அதே நிலையில் கட்டிலில் ஒரு கால்மணி நேரம் இருந்து பாருங்கள். முதுகுக்குத் தலையணை இருக்கிறது, தலைக்கு இல்லை. கழுத்து நிமிர்ந்து நேரே பார்க்கவேண்டும். உடம்பின் பாரம் ஒரு முழங்கையில் இறங்குகிறது. இன்னொரு கை தொடைமேல் அழுத்தமாகப் பதிந்திருக்கவேண்டும். தளர்ந்தால் விரல்களின் கோடு மாறிவிடும். சில நிமிடங்களில் தோள் கடுக்கும், பிறகு கை மரத்துப்போகும். என் வகுப்பில் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு விடுவோம். எழுந்திருக்கும் முன் கால் இருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவோம், திரும்பி வந்து அதே இடத்தில் வைப்பதற்கு. நல்ல மாடலுக்குச் சாக்பீஸே தேவைப்படாது. உடம்பே நினைவில் வைத்திருக்கும். அந்தக்காலப் பாரிஸில் ஓர் அமர்வு என்பது வழக்கமாக நான்கு மணி நேரம், கூலி சில பிராங்குகள்.

மானேயிடம் வேலை பார்ப்பது இன்னும் கடினம். அவர் மெதுவாகப் படிப்படியாகப் பூசி முடிக்கும் ஆள் அல்ல. ஒரே வேகத்தில் போடுவார், பிடிக்காவிட்டால் முழுவதையும் சுரண்டிவிட்டு மறுநாள் மறுபடி தொடங்குவார். அவருடைய மாணவி ஏவா கொன்சாலெஸ் அவருக்கு அமர்ந்தபோது, தினமும் தலையை வரைந்து மாலையில் அழித்துவிடுகிறார் என்று ஓவியர் பெர்த் மோரிசோ கடிதத்தில் கேலியாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு, அதே முகத்தோடும் அதே பார்வையோடும் நாள் தவறாமல் திரும்பி வரக்கூடிய ஆள் வேண்டும். 1862 முதல் சில ஆண்டுகள் மானே திரும்பத் திரும்ப விக்தோரினிடமே போனதற்குக் காதலைத் தேடவேண்டியதில்லை, இந்தக் காரணமே போதும். அத்தோடு நிறமும் ஒத்துழைத்தது. மானே முன்னாலிருந்து நேரடியாக விழும் வெளிச்சத்தில் வரைந்தார், நிழலின் நடுத்தர அடுக்குகளை ஒதுக்கினார். வெளிறிய தோலும் செம்பட்டை முடியும் கொண்ட அந்த முகம் அவ்வகை வெளிச்சத்தில் கலங்காமல் நிற்கும்.

அவர் என்னென்னவாக இருந்தார் என்று பாருங்கள். 1862இல் 'தெருப் பாடகி'யாக, கிட்டாரை இடுக்கிக்கொண்டு, காகிதத்தில் பொதிந்த செர்ரிப் பழத்தை வாய்க்குக் கொண்டுபோகிறார். அதே ஆண்டு ஸ்பானியக் காளைச் சண்டை வீரன் உடுப்பில் நிற்கிறார். தலைப்பு 'எஸ்பாதா உடையில் மத்மொசேல் வி'. காலில் இருப்பது காளையோடு மோதப் போகிறவர் போடும் செருப்பே அல்ல, கையில் இருக்கும் துணியின் நிறமும் ரோஜா. இது வேடம், பட்டறைக்குள் நடக்கும் நாடகம் என்பதை மானே மறைக்கவே இல்லை. 1863இல் 'புல்வெளியில் மதிய உணவு': உடையணிந்த இரு ஆண்களுக்கு நடுவே நிர்வாணமாக அமர்ந்து நம்மைப் பார்க்கிறார். அந்த ஆண்டு சலோன் நடுவர்கள் நிராகரித்தவற்றுக்கென்று பேரரசர் நெப்போலியன் மூன்றாமவர் உத்தரவில் தனிக் கண்காட்சி நடந்தது. புல்வெளிப் படமும் எஸ்பாதா படமும் அங்கே ஒன்றாகவே இருந்தன. ஒரே பெண், ஒன்றில் ஆடையின்றி, இன்னொன்றில் வீரன் வேடத்தில். ஆனாலும் அவரைக் காளையோடு மோதியவர் என்று எவரும் எழுதவில்லை. நிர்வாணப் படத்தை மட்டும் வாழ்க்கை வரலாறாகப் படித்தார்கள்.

'ஒலிம்பியா' 1863இல் வரையப்பட்டது, 1865 சலோனில் வைக்கப்பட்டது. அதன் அமைப்பு பழைய இத்தாலிய ஓவியர் தீஷன் வரைந்த 'ஊர்பினோவின் வீனஸ்' படத்திலிருந்து வந்தது; இளமையில் மானே ஃபிளோரன்ஸில் அதைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார். தீஷனின் நாய் இருந்த இடத்தில் கறுப்புப் பூனை. தேவதை இருக்கவேண்டிய இடத்தில் அக்காலப் பாரிஸ் பெண். ஒலிம்பியா என்பது விலைமகளிர் வைத்துக்கொள்ளும் பெயர்களில் ஒன்று. தலையில் பூ, காலில் நழுவும் செருப்பு, வாடிக்கையாளர் அனுப்பியது போலத் தோன்றும் பூங்கொத்து எல்லாம் சேர்ந்து, பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே புரிந்தது. ஆகவே படத்தில் இருக்கும் *பாத்திரம்* விலைமகள் என்பதில் சந்தேகமில்லை. கூட்டம் கூடிக் கொதித்தது. காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். பிறகு படத்தைக் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்றினார்கள். ஒரு விமர்சகர் பெண் கொரில்லா என்றார், உடம்பு அழுகிய நிறத்தில் இருக்கிறது என்றார் இன்னொருவர். அவர்கள் தாக்கியது மானேயைத்தான், அடிபட்டது அந்த முகமும் உடம்பும். வில்லன் வேடம் போட்டவரைக் கடைத்தெருவில் கண்டு திட்டித் தீர்க்கும் ரசிகரின் கோபம் போன்றது இது. மானேக்காக வாதாடிய எழுத்தாளர் எமில் ஸோலாகூட 1867இல் எழுதியது என்ன? ஓவியருக்கு ஒரு நிர்வாண உருவம் வேண்டியிருந்தது, முதலில் கிடைத்தவளைப் பிடித்துக்கொண்டார் என்ற தொனியில்தான் எழுதினார். எதிரிக்கு அவர் அசிங்கம், நண்பருக்கு வெறும் வண்ணத் திட்டு.

கழுத்தில் கட்டியிருக்கும் கறுப்பு நாடாவே விலைமகளின் அடையாளம் என்று அந்தக் காணொளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாடாவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 1862 வாக்கில் மானே தீட்டிய விக்தோரினின் தலைப்படம் ஒன்று பாஸ்டனில் இருக்கிறது, நிர்வாணமோ வேடமோ இல்லாத எளிய உருவப்படம். அதிலும் கழுத்தில் கறுப்புக் கயிறு. 1866இல் ரோஜா நிற வீட்டு அங்கியோடு கிளிக்குப் பக்கத்தில் நிற்கும் படத்திலும் கழுத்தில் கறுப்பு நாடா. 1873இல் 'ரயில்பாதை' படத்தில் மடியில் நாய்க்குட்டியும் புத்தகமுமாக அமர்ந்திருக்கும் மதிப்பான பெண்ணின் கழுத்திலும் அதேதான். நாடா அக்கால நாகரிகம். வெற்றுடம்பில் தனியாக நிற்கும்போது அது வேறு பொருள் கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொருளை உண்டாக்கியது ஓவியர்.

'ஒலிம்பியா'விலேயே பூங்கொத்தை ஏந்தி நிற்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவர் பெயர் லோர். மானேயின் குறிப்பேட்டில் மிக அழகான கறுப்பினப் பெண் என்ற குறிப்போடு வேன்திமில் தெரு 11, மூன்றாம் மாடி என்று அவர் விலாசமும் இருக்கிறது. மானே அவரைத் தனியாக ஓர் உருவப்படமாகவும் வரைந்தார், அது இப்போது இத்தாலியில் துரின் நகரத்தில் இருக்கிறது. 2019இல் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றி நடத்திய பெரிய கண்காட்சியில் லோருக்கு உரிய கவனம் கிடைத்தது. விக்தோரினுக்காவது வதந்தி என்ற பெயரில் ஒரு வரலாறு இருந்தது. லோருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் அதுவும் இல்லை.

காதல் விஷயம். மானே 1863 அக்டோபரில் ஹாலந்தில் சூசான் லீன்ஹாஃபை மணந்தார். அவர்கள் உறவு அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலானது. விக்தோரினை மானே அதிகம் வரைந்த காலமும் இதுவே. இருவருக்கும் நடுவே காதல் இருந்தது என்று காட்டும் கடிதமோ அக்காலத்தவரின் நேரடிச் சாட்சியமோ கிடையாது. இருந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இருந்தது என்று எழுதுகிறவர்கள் எதை வைத்து எழுதுகிறார்கள் என்றால், ஓவியத்தில் அவர் பார்க்கும் பார்வையை வைத்து என்பதே பதில். அந்தப் பார்வையையே நான் வேறு மாதிரி படிக்கிறேன். அது வேலை நேரத்துப் பார்வை. எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும், சொக்கிப்போகாத, சற்றே சலித்த முகம். என் வகுப்பு மாடல்கள் முகத்தில் இரண்டாம் மணி நேரத்தில் அதைக் கண்டிருக்கிறேன். மானேயின் பெருமை, அதை அழகுபடுத்தாமல் விட்டது. 'பைஃப் ஊதும் சிறுவன்' படத்திலும் விக்தோரினின் முகம்தான் என்பார்கள். படைப்பிரிவுச் சிறுவன் ஒருவன் மாடலாக இருந்தான் என்ற தகவலும் இருப்பதால் அதை நான் ஐயப் பட்டியலில் வைக்கிறேன்.

1860களின் கடைசியில் அவர் மானேயின் ஓவியங்களிலிருந்து மறைகிறார். அமெரிக்கா போனார். அதை அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார், ஆகவே வதந்தி அல்ல. யாரோ ஒருவரைக் காதலித்து அவர் பின்னால் ஓடினார் என்பது மட்டும் பிறர் சேர்த்தது. திரும்பி வந்தபின் 1873இல் மேற்சொன்ன 'ரயில்பாதை'க்கு அமர்ந்தார். சான் லாசார் ரயில் நிலையத்துக்கு அருகே, இரும்புக் கம்பிவேலிக்கு முன்னால். வேலியைப் பிடித்து நீராவியைப் பார்க்கும் சிறுமி மானேயின் நண்பர் ஒருவரின் மகள். விக்தோரின் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி நம்மைப் பார்க்கிறார். அப்போது அவருக்கு 29 வயது. மானேக்காக அவர் அமர்ந்த கடைசி முக்கியப் படம் அது. மானே அவரை வரைந்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன், ஒலிம்பியாவை அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததுதான் காணொளிகளில் வராதது. 1875 முதல் எத்தியேன் லெருவா என்ற உருவப்பட ஓவியரிடம் விக்தோரின் முறைப்படி படித்தார். அரசின் கலைப்பள்ளியான எக்கோல் தே போசார் 1897வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களுக்குத் தனியார் பட்டறைகள்தான் வழி, அதற்குக் காசும் வேண்டும். அடுத்த ஆண்டே, 1876 சலோனில், அவருடைய தன்னுருவப் படம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மானே அனுப்பிய இரண்டு படங்களையும் நடுவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மானே கோபத்தில் தன் பட்டறையையே பொதுமக்களுக்குத் திறந்து, நிராகரிக்கப்பட்ட படங்களைக் காட்டினார். 1879இல் விக்தோரினின் 'பதினாறாம் நூற்றாண்டு நூரெம்பர்க் மாது' தேர்வானது. சலோனில் படங்களை ஓவியர் பெயரின் அகர வரிசையில் மாட்டுவார்கள். மானேயும் மெரானும் ஒரே எழுத்து என்பதால் இருவர் படங்களும் ஒரே அறையில் தொங்கின.

இதில் மானேயைத் தோற்கடித்துவிட்டார் என்று மகிழ்ந்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. விக்தோரின் தேர்ந்தது நடுவர்களுக்குப் பழக்கமான வழி: வரலாற்று உடை, கவனமான முடிப்பு, சலோனின் பொது ருசி. தலைப்புகளும், மிஞ்சியிருக்கும் மிகச்சில படங்களும் அதைத்தான் காட்டுகின்றன. மானே உடைக்க நினைத்த கதவுக்குள்ளே அவர் முறைப்படி நுழைய நினைத்தார். அதில் எனக்கு வியப்பில்லை. நல்ல குடும்பத்துப் பணக்கார ஓவியருக்குச் சலோனை எதிர்ப்பது ஒரு நிலைப்பாடு. நிர்வாண மாடல் என்று ஊர் அறிந்த கைத்தொழிலாளி மகளுக்குச் சலோன் பட்டியலில் பெயர் வருவது ஓவியர் என்ற அடையாளச் சீட்டு. அவரைப் புரட்சிக்காரி ஆக்குவதும், குடிகாரி ஆக்குவதைப் போலவே, இன்னொரு வேடத்தை மாட்டிவிடுவதுதான்.

வறுமை இருந்தது, அதை மறைக்கவேண்டாம். மானே 1883 ஏப்ரல் 30 அன்று இறந்தார். சில மாதங்களில் விக்தோரின் அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஒலிம்பியா உட்படப் பல படங்களுக்குத் தான் அமர்ந்ததையும், படங்கள் விற்றால் உனக்கும் ஒரு பங்கு தருவேன் என்று மானே சொல்லிவந்ததையும் நினைவூட்டுகிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது மானே கொடுக்க முன்வந்ததாகவும், இப்போது வேண்டாம், மாடலாக அமர முடியாத காலம் வரும்போது கேட்கிறேன் என்று தான் மறுத்ததாகவும் சொல்கிறார். அந்தக் காலம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார். விரலில் நோவு, வேலை செய்ய முடியவில்லை, வயதான தாய் இருக்கிறார். கெஞ்சல் இல்லாத கடிதம் அது. பாக்கியைக் கேட்கும் கடிதம். உதவி கிடைத்ததாகத் தடயம் இல்லை. ஏழாண்டு கழித்து, 1890இல், ஒலிம்பியா அமெரிக்காவுக்கு விலைபோய்விடும் என்று பயந்து ஓவியர் கிளோத் மோனே நிதி திரட்டினார். (மானே வேறு, மோனே வேறு, குழப்பிக்கொள்ளவேண்டாம்.) இருபதாயிரம் பிராங்குக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்தது. பணம் மானேயின் மனைவிக்கு, ஓவியம் பிரெஞ்சு அரசுக்கு. 1907இல் அது லூவருக்கும் போய்ச் சேர்ந்தது.

குடிகாரக் கதை எங்கிருந்து வந்தது? 1880களில் அவர் நோர்பேர் கொனெத், தூலூஸ் லோத்ரெக் போன்ற இளைய ஓவியர்களுக்கு மாடலாக அமர்ந்தார். லோத்ரெக் நண்பர்களிடம் அவரை 'ஒலிம்பியா' என்றே அறிமுகப்படுத்துவாராம். அப்போதே அவர் பெயர் போய்விட்டது, பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் மானேயைப் பற்றி விரிவாக எழுதிய அதோல்ஃப் தபரான் போன்றவர்கள் பாரிஸின் மொன்மார்த்ர் பகுதி மதுக்கடைகளில் காசு கேட்டுத் திரிந்த, குடியால் அழிந்த பெண் என்று ஒரு சித்திரத்தை நிலைநாட்டினார்கள். தபரான் மானே ஆய்வில் உழைத்தவர், குறிப்பேட்டு விலாசம் போன்ற தகவல்களுக்கு நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் காதில் விழுந்த கதைகளையே எழுதினார். 1890களில் விக்தோரின் குடித்தாரா இல்லையா என்று எனக்கு நிரூபிக்கமுடியாது, யாருக்கும் முடியாது. குடித்தே *முடிந்தார்* என்பதைத்தான் ஆவணம் மறுக்கிறது. விலைமகள் கெட்டு அழியவேண்டும் என்ற கதைமுடிவு அக்கால நாவல்களில் வாடிக்கை. ஒலிம்பியாவுக்கு அந்த முடிவை எழுதினார்கள். விக்தோரின் அதில் மாட்டிக்கொண்டார்.

1980களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சலோன் பட்டியல்களையும் ஊர்ப் பதிவேடுகளையும் புரட்டியபோது வேறு ஒருவர் வெளிப்பட்டார். 1885 சலோனில் அவர் பெயர் இருக்கிறது, 1904இலும் இருக்கிறது. 1903இல் பிரெஞ்சுக் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். பரிந்துரைத்தவர்களில் ஒருவர் தொனி ரொபேர் ஃபிளெரி, சங்கத்தின் பெரிய தலை. மதுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவருக்கு அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். 1906இல் பாரிஸைவிட்டு அருகிலுள்ள கொலோம்ப் ஊருக்கு, மரி துய்ஃபூர் என்ற பெண்ணோடு குடிபெயர்ந்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் தொழில் ஓவியம் என்றே எழுதச் சொல்லியிருக்கிறார். சாகும்வரை இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். காதலர்களாக இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதுவரை ஆவணம் சொல்கிறது. அதற்கு மேல் நானும் போகவில்லை, மானே விஷயத்தில் கேட்ட அதே ஆதாரத்தை இங்கேயும் கேட்கவேண்டும் அல்லவா.

1927 மார்ச் 17 அன்று விக்தோரின் இறந்தார். மரி துய்ஃபூர் 1930இல் இறந்ததும் வீட்டுச் சாமான்களை விற்றுத் தீர்த்தார்கள். விற்காமல் மிஞ்சியவற்றை எரித்ததையும், அதில் ஒரு வயலினும் அதன் பெட்டியும் இருந்ததையும் அக்கம்பக்கத்தார் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இது பல ஆண்டு கழித்துச் சொன்ன நினைவு என்பதை மறக்கவேண்டாம், ஆனாலும் அவர் வயலின் வாசித்தவர் என்பதோடு பொருந்துகிறது.

அவர் வரைந்த படம் எதையாவது பார்க்க முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நெடுங்காலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே நினைத்திருந்தார்கள். 2004இல் 'குருத்தோலை ஞாயிறு' என்ற படம் கண்டெடுக்கப்பட்டது. அது கொலோம்ப் ஊரின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1876 வாக்கில் அவர் தீட்டிய ஒரு தன்னுருவப் படத்தை 2021இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வாங்கியது. 'தெருப் பாடகி'யும் 1862 தலைப்படமும் அதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. அதன் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காளைவீரன் வேடமும் கிளிப் படமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், 'ரயில்பாதை' வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில், புல்வெளியும் ஒலிம்பியாவும் பாரிஸ் ஓர்சேயில். ஒலிம்பியாவிலிருந்து தொடங்காமல் தன்னுருவப் படத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்பது என் யோசனை.